மதுரையிலிருந்து காசிக்குக் காரில்: நாக்பூர் வழியா, கடலோரமா?

காரிலேயே காசிக்குப் போகிறோம் என்றதும் சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "எந்தப் பக்கமாடா போறீங்க?"

வழி இரண்டு. பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் என்று நாட்டின் நடுவே ஏறினால் சுமார் 2,200 கிலோமீட்டர். சென்னை போய், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் என்று கடலை ஒட்டிச் சென்று, கரக்பூருக்கு மேல் திரும்பி அசன்சோல், சசாராம் வழியாகப் போனால் அதைவிட 500 கிலோமீட்டர் போலக் கூடும். வயதானவர்கள் இருக்கும் வண்டிக்கு இந்தக் கூடுதல் தூரமே ஒன்றரை நாள்.

நடுவழி பழைய வழி. நெடுஞ்சாலை எண்களை மாற்றுவதற்கு முன்பு காசியிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே ரோடுதான், என்.எச். 7. இப்போது 44, 30, 135 என்று துண்டு துண்டாகிவிட்டது. பெங்களூரு தாண்டி ஓர் இடம், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் என்று நான்கு இரவு தங்கினோம். நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் காட்டுக்குள் ரோட்டைத் தூக்கிப் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். புலி அடியில் கடந்து போகும். பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். தெரிந்ததெல்லாம் பாலத்தின் தடுப்புச் சுவர்தான். அதற்கு ஈடு ஜபல்பூர் பேடாகாட்டில் கிடைத்தது: சலவைக்கல் பாறைகளுக்கு நடுவே நர்மதை, பக்கத்திலேயே தூவாந்தார் அருவி.

சாப்பாட்டில் கடலோரம் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. அந்தப் பக்கம் ஸ்ரீகாகுளம் வரைக்கும் இட்லிக்குக் கவலையில்லை. அன்னவரத்தில் கோதுமை ரவைப் பிரசாதத்தை இலையில் சுற்றி ரோட்டோரத்திலேயே விற்கிறார்கள். கையில் நெய் ஒட்டும். நடுவழியில் அதிலாபாத்துக்கு மேல் காலையில் போஹா என்கிற அவல் உப்புமாதான். அம்மா கொண்டுவந்த புளிக்காய்ச்சலும் ஒரு சின்ன ரைஸ் குக்கரும் எங்களைக் காப்பாற்றின.

டோல் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். சொந்தக் கார் என்றால் 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் வருட பாஸை எடுத்துவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் 200 தடவை அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அதுவரை ஓடும். மஞ்சள் போர்டு வேனுக்கு இது கிடையாது. வாடகை பேசும்போதே டோல் யார் கணக்கு என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் ஒருமுறை கேட்காமல் விட்டு, கடைசி நாள் டிரைவரோடு வாய்த்தகராறு ஆகிவிட்டது.

ஆனால் எங்கள் வீட்டில் வழியைத் தீர்மானித்தது டோலும் இல்லை, இட்லியும் இல்லை. ஒரு சின்னத் துணிமுடிச்சு. ராமேஸ்வரத்து மணல். அதைப் பிரயாகை சங்கமத்தில் கரைத்துவிட்டுத்தான் காசி, பிறகு கயா என்பது அம்மாவின் கணக்கு. நடுவழியில் போனால் ஜபல்பூர் தாண்டி மங்காவானில் மிர்சாபூருக்குத் திரும்பாமல் நேரே போய்ப் பிரயாகை, அங்கிருந்து காசி. கடலோரமாகப் போனால் கயா முதலில் வந்து நிற்கும், முறை தலைகீழாகிவிடும். அதனால் போக நடுவழி, வர கடலோரம். காசியிலிருந்து கிழக்கே வந்தால் டோபியில் கயாவுக்குத் திரும்பலாம். அப்புறம் பூரி, கோனார்க், சிம்மாசலம் என்று இறங்கிக்கொண்டே வீடு வந்து சேரலாம்.

கயாவில் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் இனிமேல் சாப்பிடாமல் விட வேண்டும் என்பார்கள். அப்பா உடனே "பாகற்காய்" என்றார். சாஸ்திரிகள் சிரிக்காமல், "பிடிச்சதைச் சொல்லுங்கோ" என்றார். அதற்கு இரண்டு நாள் கழித்து, சிலிகா ஏரிக்கரை பாலுகானில் நண்டு சாப்பிடலாமா கூடாதா என்று வண்டிக்குள் பட்டிமன்றமே நடந்தது. அப்பா நண்டை விடவில்லையே என்பது என் தம்பியின் வாதம்.

நாங்கள் போனது பொங்கல் கழிந்து. ரேவா பக்கம் காலை ஒன்பதரை வரை பனிமூட்டம், முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும்தான் வழிகாட்டி. வட இந்தியாவில் ஜனவரியில் விடியற்காலைப் பயணம் வேண்டாம். மே மாதம்தான் லீவு என்றால் நாக்பூர் 45 டிகிரி காட்டும். அங்கே மதியம் ஓட்டாதீர்கள். அக்டோபர், நவம்பரில் கடலோரம் என்றால் புயல் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.