வெள்ளத்தில் நனைந்த மோட்டாரைக் கண்டவர் கையில் கொடுக்காதீர்கள்

சீர்காழிப் பக்கம் மாவு மில் வைத்திருக்கிறேன். 2022 நவம்பரில் இங்கே ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மில்லுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரைக்கக் கொடுத்திருந்த மிளகாய், மல்லி, பச்சரிசி எல்லாம் ஊறி நாறிவிட்டன. கொடுத்தவர்கள் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அரசு ரேஷன் கார்டுக்குத் தந்த 1000 ரூபாய் வீட்டுச் செலவுக்கே போய்விட்டது.

என் பெரிய கவலை 10 எச்பி மோட்டார்தான். தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள், ஒரு மினி லாரியில் இரண்டு பேர் தெருத்தெருவாக வந்தார்கள். "அண்ணே, தண்ணி போன மோட்டார். காயில் போச்சு. இரண்டு நாள்ல புதுசா கட்டித் தர்றோம், சுத்தச் செம்பு" என்றார்கள். ஊரில் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) கட்டுகிறவரிடம் அப்போது நாற்பது மோட்டார் வரிசையில் கிடந்தது. கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது; மில் ஓடாவிட்டால் வாடிக்கை வேறு மில்லுக்குப் போய்விடும். அந்த அவசரத்தில் சரி என்றேன். 14,500 ரூபாய். பில் கேட்டேன், அப்புறம் தருகிறோம் என்றார்கள்.

சொன்னபடி மோட்டார் வந்தது, ஓடவும் செய்தது. அரை மணி ஓடினால் உடம்பில் கை வைக்க முடியாத சூடு. மார்கழி நடுவில், பொங்கலுக்கு அரிசி அரைக்கக் கூட்டம் நிற்கும்போது புகைந்து நின்றுவிட்டது. அவர்கள் கொடுத்த நம்பர் அணைந்து கிடந்தது.

உள்ளூர்க்காரரிடமே தூக்கிக்கொண்டு போனேன். அவர் கம்பியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக அலுமினியம். அதே பருமன் கம்பியில் அலுமினியம் கடத்துவது செம்பு கடத்துவதில் சுமார் 60 சதவீதம்தான். மாவு மில் போடுகிற பாரத்துக்குச் சூடேறாமல் என்ன செய்யும்? என் பழைய காயிலில் கிலோக்கணக்கில் இருந்த செம்பையும் அவர்களே கொண்டுபோய்விட்டார்கள். கூலியும் வாங்கி, செம்பையும் எடுத்திருக்கிறார்கள்.

அதைவிட மனசு நொந்தது அவர் அடுத்துச் சொன்னதில். அந்த மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டிய தேவையே இருந்திருக்காதாம். வெள்ளத்தின்போது கரண்ட் இல்லை. நனைந்த பிறகு யாரும் சுவிட்ச் போடவும் இல்லை. அப்படிப்பட்ட மோட்டாரைப் பிரித்து, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, நன்றாக உலர்த்தி, கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மெகர் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். இன்சுலேஷன் தேறினால் வார்னிஷ் போட்டு, பேரிங் மாற்றினால் போதும். மூவாயிரத்தில் முடிந்திருக்கும் என்றார். அதனால்தான் சொல்கிறேன்: நனைந்த மோட்டாரில் கரண்ட் கொடுத்துப் பார்க்கவே கூடாது. மெகர் வைக்காமல் பார்த்த மாத்திரத்தில் "காயில் போச்சு" என்று சொல்கிறவரை நம்பவும் கூடாது.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய காயிலை உங்கள் எதிரில் எடுத்து எடை போடச் சொல்லுங்கள். அந்தச் செம்பு உங்களுடையது. புதுக் கம்பியில் ஒரு துண்டு வாங்கிச் சுரண்டிப் பாருங்கள். கம்பி வகை, எடை, கூலி மூன்றும் பில்லில் இருக்கட்டும். என்னிடம் பில் இல்லாததால் எந்த இடத்திலும் வாய் திறக்க முடியவில்லை. கடைக்காரனுக்கு நுகர்வோர் வழக்கு கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகத் தொழில் செய்கிறவர் நுகர்வோர்தான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

அந்தப் பொங்கலுக்கு என் மில் ஓடவில்லை. தை பிறந்து பத்து நாள் கழித்துத்தான் செம்புக் காயிலோடு மோட்டார் வந்தது, நான் பக்கத்தில் நின்று கட்ட வைத்தது. இப்போது அது தரையில் இல்லை. மூன்றடி உயர மேடை கட்டி மேலே ஏற்றியிருக்கிறேன்.