கன்சோல் ஒலி கணினிக்கு: ஆக்ஸ் கேபிளா, கேப்சர் கார்டா?

விளையாட்டின் ஒலியும் கணினியில் பேசும் நண்பர்களின் குரலும் ஒரே ஹெட்போனில் வேண்டும் என்று திருப்பூர், ஈரோடு தம்பிகள் கேட்கிறார்கள்.

செலவு: ஹெட்போன் துளையில் செருகும் 3.5 மி.மீ. ஆக்ஸ் கேபிள் கோவை காந்திபுரம் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் முடியும். கன்சோலின் படத்தையும் ஒலியையும் கணினிக்குள் எடுக்கும் கருவியான கேப்சர் கார்டு நல்லதாக வேண்டுமென்றால் ஆயிரங்களில்.

இணைப்பு: கேபிளை மேசைக் கணினியின் நீல நிற லைன்-இன் (ஒலியை உள்வாங்கும்) துளையில் செருக வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகளில் அந்தத் துளையே இல்லை. தனியாக லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு தேவைப்படும். கேப்சர் கார்டைக் கன்சோலுடன் எச்டிஎம்ஐ கேபிளாலும், கணினியுடன் பெரும்பாலும் யூஎஸ்பியாலும் இணைக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5 என்றால் முதலில் அதன் அமைப்புகளில் எச்டிசிபியை (நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு) அணையுங்கள்.

தரம்: கேபிளில் சில வீடுகளில் ரீங்காரம் கேட்கும். கன்சோலையும் கணினியையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கார்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒலி சற்றுப் பிந்தும், சுடும் விளையாட்டில் அது எரிச்சல்.

நின்டெண்டோ ஸ்விட்சிலேயே ஹெட்போன் துளை இருப்பதால் அதற்குக் கேபிளே தாராளம். யூடியூபுக்குப் பதிவு செய்பவர்கள் மட்டும் கார்டு வாங்கட்டும்.