கடலை மிட்டாய்க் கடைக்கு மூன்று முகப்புகள்

கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய்க் கடை. இதுவரை பேருந்து நிலையத்துக்கு வந்து போகிறவர்களை நம்பி ஓடியது, இப்போது இணையத்திலும் விற்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முகப்புப் பக்கத்தின் முதல் வரியில் என்ன எழுதுவது? இணையதளங்களுக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் நீட்டுவார்கள்.

அ: “பாரம்பரியத்தின் சுவை… தலைமுறைகளின் நம்பிக்கை!”

ஆ: “கோவில்பட்டி கடலை மிட்டாய், சிறந்த கடலை மிட்டாய், கடலை மிட்டாய் ஆன்லைன், குறைந்த விலை கடலை மிட்டாய் கோவில்பட்டி.”

இ: “கோவில்பட்டியில் வெல்லப்பாகு காய்ச்சி நாங்களே செய்யும் கடலை மிட்டாய். அரைக் கிலோவிலிருந்து வாங்கலாம். இன்று சொன்னால் நாளை கூரியரில் போடுவோம்.”

அ வாசகருக்கு, ஆ கூகுளுக்கு, இ நடுவில் ஒரு சமரசம் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். எனக்கு அந்தப் பிரிப்பே தப்பாகப் படுகிறது.

முதலில் அ. மிட்டாயை எடுத்துவிட்டு அந்த வரியை ஊறுகாய்க் கடைக்குப் போடுங்கள், பொருந்தும். பட்டுப்புடவைக்கும் பொருந்தும், நெய்க்கும் நகைக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வரி இந்தக் கடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ‘கடலை மிட்டாய்’ என்ற சொல்லே அதில் இல்லை, அதனால் தேடுபொறிக்கும் பிடி கிடைக்காது, வந்து நிற்கிற ஆளுக்கும் கிடைக்காது. போதாக்குறைக்கு இந்த மாதிரி வரிகளை அழகான எழுத்துருவில் படத்துக்குள் பதித்து, நகரும் ஸ்லைடராக வைத்துவிடுவார்கள். படத்தில் இருக்கிற வரியை நம்பித் தேடுபொறி பக்கத்தை வரிசைப்படுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆள் படித்து முடிப்பதற்குள் ஸ்லைடு நகர்ந்துவிடும்.

ஆனால் கடை முதலாளிக்கு அ மேல்தான் ஆசை. அப்பா காலத்துக் கடை, அந்தப் பெருமை எங்காவது தெரிய வேண்டாமா? நியாயம்தான். ஊரே பெயர் சொல்லி வந்து வாங்குகிற கடை என்றால் அ இருந்துவிட்டுப் போகட்டும். வருகிறவர் கடைப் பெயரைத் தட்டச்சு செய்துதான் வருகிறார், அவருக்கு விளக்கம் தேவையில்லை. புதுக் கடைக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆ-வின் கதை பழையது. ஒரு காலத்தில் பக்கத்தின் நிரலுக்குள் கீவேர்டுகளை, அதாவது மக்கள் தேடும் சொற்களை, வரிசையாக அடுக்க மெட்டா கீவேர்ட்ஸ் என்று ஒரு இடம் இருந்தது. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே, 2006 பிப்ரவரியில், பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளம் கூகுள் தேடலிலிருந்தே தூக்கப்பட்டது. ‘பழைய கார்’ என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்பிய பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டிவிட்டு, ஆட்களை வேறு பக்கத்துக்கு அனுப்பியதுதான் காரணம். அந்தப் பக்கங்களை நீக்கியதும் சில நாளில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி என்பதால் உடனே கவனித்தார்கள். கோவில்பட்டிக் கடை காணாமல் போனால் யார் கவனிப்பார்கள்?

தமிழில் ஆ-வுக்கு இன்னொரு கேடும் உண்டு. தேடும்போது நாம் வேற்றுமை உருபு போடுவதில்லை. “கடலை மிட்டாய் கோவில்பட்டி விலை” என்று தந்தி பாணியில் தட்டுகிறோம். அதை அப்படியே முகப்பில் ஒட்டினால் அது தமிழ் வாக்கியமே இல்லை, உருபு உதிர்ந்த சொற்குவியல். ‘கோவில்பட்டியில்’, ‘மிட்டாயை’ என்று இலக்கணமாக எழுதினால் கூகுள் தவறவிட்டுவிடும் என்று இன்றும் சிலர் பயப்படுகிறார்கள். வாக்கியத்தின் சூழலைப் பார்த்துப் பொருள் கொள்ளும் பெர்ட் முறையை 2019 இறுதியில் தமிழ் உட்பட 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு கூகுள் கொண்டுவந்துவிட்டது. தைரியமாக உருபு போடலாம்.

ஆனாலும் ஆ-வைச் சுத்தமாக ஒதுக்க மனம் வரவில்லை. மக்கள் சொல்கிற சொல்லையே எழுது என்பதில் அது சரி. சில முதலாளிகள் ‘பாரம்பரியச் சிற்றுண்டி’, ‘நிலக்கடலை இனிப்பு’ என்று கௌரவமாக எழுதச் சொல்வார்கள். அப்படி யாரும் தேடுவதில்லை. வடக்கே இதைச் சிக்கி என்பார்கள். அதைக் கேட்டுப் பழகியவர்களுக்காக உள்ளே எங்காவது ஒரு வாக்கியத்தில் அந்தச் சொல்லைச் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் தேடுகிறவர்களுக்குத் தனி ஆங்கிலப் பக்கம் வையுங்கள். ஒரே பத்தியில் இரண்டையும் கலந்து கூட்டாஞ்சோறு ஆக்க வேண்டாம்.

என் ஓட்டு இ-க்கு. என்ன பொருள், எந்த ஊர், யார் செய்வது, எப்படி வாங்குவது எல்லாம் மூன்று சிறு வாக்கியங்களில் வந்துவிடுகின்றன. தேடுபொறிக்கு வேண்டிய சொற்கள் தாமாகவே உள்ளே வந்துவிட்டன, யாரும் திணிக்கவில்லை. குறை என்றால் கொஞ்சம் வறட்சி, அப்புறம் அதில் வாக்குறுதி இருக்கிறது. நாளைக்கு அனுப்ப முடியாத கடை அந்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு, கிடைத்தது. அதை முதல் வரியிலேயே போடச் சொல்வார்கள். நான் அடுத்த வரிக்குத் தள்ளுவேன், வாங்க வருகிற பலருக்கு அது என்னவென்றே தெரியாது. தவிர, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிந்தவர்களுக்குத்தான் அதைப் போட்டுக்கொள்ளும் உரிமை உண்டு. பதிவு இல்லையா, விட்டுவிடுங்கள்.

வாசகருக்கும் தேடுபொறிக்கும் தனித்தனியாக எழுத வேண்டிய இடம் ஒன்று உண்டு. தேடல் முடிவில் நீல நிறத்தில் தெரிகிற தலைப்பும் அதன் கீழே வருகிற விளக்கமும் பக்கத்துக்குள் இருக்கிற முதல் வரியின் நகலாக இருக்கத் தேவையில்லை. தலைப்பில் “கோவில்பட்டி கடலை மிட்டாய்” என்று போட்டுக் கடைப் பெயரைப் பின்னால் வையுங்கள். திரையின் அகலத்துக்குத் தக்கபடிதான் அது வெட்டப்படும். தமிழ் எழுத்து அகலம் அதிகம் என்பதால் முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும். விளக்கம் தரவரிசையைக் கூட்டாது, கூகுள் சில நேரம் அதைக் காட்டாமலும் விடும். காட்டினால், மற்ற கடைகளுக்கு நடுவே சொடுக்குவதா வேண்டாமா என்று ஆள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். அ மாதிரி ஒரு வரிக்கு இடம் வேண்டுமென்றால் அங்கே பாதி கொடுக்கலாம்.

முகப்பு நீளமாக இருக்கலாமா என்பது பெரிய விஷயமில்லை. கைபேசியில் தெரிகிற வடிவத்தைத்தான் கூகுள் இப்போது கணக்கில் எடுக்கிறது. கணினியில் மட்டும் தெரியும்படி வைத்த பத்தி வீண்.

கடைக்கு ஒரு வாரம் வருகிற தொலைபேசி அழைப்புகளைக் குறித்து வைத்தால் முகப்புக்கு வேண்டிய பாதி விஷயம் கிடைத்துவிடும். “வெல்லமா, கருப்பட்டியா?” “உடையாம வருமா?” “கூரியர் காசு தனியா?” எல்லாவற்றுக்கும் மேலாக, “எத்தனை நாள் தாங்கும்?” மேலே இருக்கிற மூன்றிலும் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை, நான் ஓட்டுப் போட்ட இ-யிலும்தான். பாகு காய்ச்சுகிறவரிடம் கேட்டால்தான் அந்த வாக்கியத்தை எழுத முடியும்.