மெம்பர்ஷிப்பா, அவசர வசூலா? லண்டன் கேலரிகள் காசு சேக்கற கதை

லண்டன்ல நேஷனல் கேலரி, டேட் ரெண்டுலயும் நிரந்தரமா மாட்டியிருக்கற ஓவியங்கள பாக்க டிக்கெட் கிடையாது, அதனால அரசு கொடுக்கறது போக மீதிய அவங்கதான் தேத்தணும்.

மெம்பர்ஷிப் வழி சிம்பிள். டேட்ல சந்தா கட்டிட்டா டிக்கெட் வச்ச எக்சிபிஷனுக்கும் எத்தன தடவ வேணாலும் போலாம், மெம்பர்ஸ் ரூம்ல உக்காந்து காபி குடிக்கலாம் (காபிக்கு காசு தனி, ஆசப்படாதீங்க).

வசூல் கதையே வேற. 1962ல ராயல் அகாடமி (லண்டன்ல இருக்கற கலைஞர்கள் சங்கம்) தன்கிட்ட இருந்த லியோனார்டோ டாவின்சியோட பெரிய கரி டிராயிங்க விக்கப்போறோம்னு சொன்னதும், ஐயோ வெளிநாட்டுக்குப் போயிடுமேன்னு பதறி, அத நேஷனல் கேலரிலயே பார்வைக்கு வச்சு நிதி கேட்டாங்க, ரெண்டரை லட்சம் பேருக்கு மேல வந்து பாத்தாங்க, அப்பவும் பத்தாம அரசு மூணரை லட்சம் பவுண்டு போட்டுத்தான் 8 லட்சம் சேந்துச்சு. டிராயிங் இன்னிக்கும் அங்கதான் இருக்கு.

பரபரப்புன்னா வசூல்தான், சந்தேகமே இல்ல. ஆனா ஓவியம் வாங்கியாச்சுன்னா கொடுத்தவங்க கலஞ்சிருவாங்க, கரண்ட் பில்லுக்குன்னு கேட்டா யாரு தருவா? எனக்கு ஓட்டு மெம்பர்ஷிப்புக்குத்தான். தனியா நன்கொடை கொடுக்கறவங்க பிரிட்டன்ல வரி கட்டறவங்களா இருந்தா கிஃப்ட் எய்ட்னு இருக்கற அரசு திட்டத்த டிக் பண்ணிடுங்க, ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசு சேத்துக் கொடுக்கும்.