பாட்டிலுக்கு முன்னால் ஒரு போன்

குடியை விட்டு 14 மாதம் ஆகிறது. வாரம் இருமுறை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறேன். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும், 1935இல் தொடங்கிய இயக்கம். கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும்.

முதல் நாள் கடைசி நாற்காலியில் வாயே திறக்கவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. முடிந்ததும் ஒரு பெரியவர் துண்டுச் சீட்டில் தன் எண்ணை எழுதித் தந்தார். "குடிக்கத் தோன்றினால் பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் கூப்பிடுங்க தம்பி." இரவு 2 மணிக்குக் கூப்பிட்டேன். எடுத்தார். விடியும்வரை பேசினார்.

குடியிலிருந்து மீள இந்த இயக்கம் சொல்லும் 12 படிகளில் கடவுள் வருவது எனக்குத் தயக்கமாக இருந்தது. 'நாம் புரிந்துகொண்டபடி' என்று சேர்த்திருப்பதால் சரி என்று தொடர்ந்தேன்.

ஒன்று, தினமும் நிறையக் குடிப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற குழு தனியாக இருக்கிறது; என் மனைவி அங்கே போகிறாள்.