பருவத்தின் பாதியில் ஆள் எடுப்பது: ஏழு ஆண்டு வேவர் வயர் அனுபவம்

நியூ ஜெர்சியில் எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேர் நடத்தும் ஃபேன்டசி ஃபுட்பால் லீக்கில் 2018 முதல் 2024 வரை ஏழு பருவங்கள் விளையாடியிருக்கிறேன். இங்கே ஃபுட்பால் என்பது என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அந்த நிஜ வீரர்களைக் கொண்டு ஆளுக்கு ஒரு கற்பனை அணியை அமைத்து, களத்தில் அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி எண்ணுவதுதான் ஃபேன்டசி. வீரர்களைப் பிரித்துக்கொள்ள ஆகஸ்ட் இறுதியில் நடக்கும் டிராஃப்டில் ஆளுக்குப் பதினைந்து பேரை எடுத்துக்கொள்வோம். யாரும் எடுக்காத மற்ற எல்லோரும் ஃப்ரீ ஏஜென்ட்கள். டிராஃப்டைப் பற்றி எழுதப்படுவதற்கு அளவே இல்லை. ஆனால் அக்டோபர் பிறப்பதற்குள் டிராஃப்டில் எடுத்தவர்களில் மூன்று பேருக்காவது காலிலோ தோளிலோ அடிபட்டிருக்கும், ஒருவர் பயிற்சியாளரின் நம்பிக்கையை இழந்திருப்பார், இரண்டு பேரை ஏன் எடுத்தோம் என்றே நினைவிருக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய் இரவும் வேவர் வயரில், அதாவது ஃப்ரீ ஏஜென்ட்களைக் கேட்டு எடுக்கும் முறையில், யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில்தான் எங்கள் லீக்கின் வெற்றி தோல்வி பெரும்பாலும் தீர்ந்திருக்கிறது. அந்த ஒரு வேலையில் எனக்குக் கிடைத்த அனுபவத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் மூன்று பருவங்களில் எங்களிடம் வரிசை முறை இருந்தது. லீக்கின் வெற்றி தோல்விப் பட்டியலில் கடைசியில் இருப்பவருக்கு முதல் உரிமை. ஒருவரை எடுத்துவிட்டால் அவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். கேட்க நியாயமாகத் தெரிந்தாலும், நடைமுறையில் அது தொடக்கத்தில் தோற்றவர்களுக்குக் கிடைத்த பரிசாகவே இருந்தது. 2021-இல் மூடிய ஏலத்துக்கு மாறினோம். பருவம் முழுவதற்கும் ஆளுக்கு நூறு டாலர், அதுவும் கணக்குக்கு மட்டுமே உள்ள டாலர். யார் எவ்வளவு கேட்டார் என்பது புதன் அதிகாலையில் முடிவு வந்த பிறகே தெரியும். நான்கு பருவங்கள் இந்த முறையில் ஆடிய பிறகு, வரிசை முறைக்குத் திரும்பச் சொன்னால் லீக்கையே விட்டு விலகிவிடுவேன் என்று தோன்றுகிறது. ஒரு ஆள் உண்மையில் நமக்கு எவ்வளவு தேவை என்ற கேள்விக்கு எண்ணால் பதில் சொல்ல வேண்டியிருப்பதே இதன் பெரிய நன்மை. இதில் ஒரு சின்ன விஷயத்தையும் கற்றுக்கொண்டேன். மனிதர்கள் பத்து, பதினைந்து, இருபது என்று முழு எண்களில்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டு, 2021-இல் இரண்டு முறை ஒரே ஒரு டாலரில் ஆளை இழந்தேன். அன்றிலிருந்து நான் கேட்கும் தொகைகள் எல்லாம் பதினொன்று, பதினாறு, இருபத்தொன்று என்றே போகின்றன.

அடுத்தது, எதைப் பார்த்து ஆள் எடுப்பது என்பது. சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒருவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைத்தான் புதிதாக ஆடுபவர் முதலில் பார்ப்பார்; நானும் நெடுநாள் அதைத்தான் பார்த்தேன். இப்போது நான் பார்ப்பது அவருக்கு அணியில் வேலை இருக்கிறதா என்பதை மட்டுமே. ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) என்றால் அணியின் மொத்த ஸ்னாப்களில் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) எத்தனைக்குக் களத்தில் நின்றார், எத்தனை முறை பந்து அவர் கைக்கு வந்தது. ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்) என்றால் பந்து பிடிக்க எத்தனை ரூட் ஓடினார், எத்தனை முறை பந்து அவரை நோக்கி வீசப்பட்டது. புள்ளி அந்த வாரத்தோடு போய்விடும். வேலை பெரும்பாலும் அடுத்த வாரமும் இருக்கும்.

இதைக் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 2023 அக்டோபர் 29 அன்று வைக்கிங்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்து வீசுபவர்) கர்க் கசின்ஸின் குதிகால் தசைநாண் அறுந்தது. இரண்டு நாள் கழித்து அந்த அணி ஜோஷுவா டாப்ஸை வாங்கியது. சக வீரர்களின் பெயர்கள் கூடச் சரியாகத் தெரியாத நிலையில் அந்த ஞாயிறே அட்லாண்டாவில் அவர் களமிறங்க நேர்ந்தது. 31-28 என்று அணியை வெல்ல வைத்தார், தானே ஓடி ஒரு டச்டவுனும் (எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடப்பது) அடித்தார். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை. நான் முப்பத்து நான்கு டாலர் கேட்டு அவரை எடுத்தேன்; எனக்கு அடுத்தபடியாகக் கேட்டவர் சொன்னது ஒன்பது. அடுத்த வாரம் செயின்ட்ஸுக்கு எதிராகவும் நன்றாகவே ஆடினார். ஆனால் நவம்பர் 27 அன்று பேர்ஸுக்கு எதிராக நான்கு இன்டர்செப்ஷன், அதாவது அவர் வீசிய பந்தை எதிரணி நான்கு முறை பிடித்துக்கொண்டது. டிசம்பரில் ரெய்டர்ஸை 3-0 என்று வென்ற அந்த வினோதமான ஆட்டத்தின் நடுவில் வெளியே உட்கார வைக்கப்பட்டார். தவறு அவருடையது இல்லை. ஒரே ஒரு குவார்ட்டர்பேக்கை மட்டும் ஆட வைக்கும் பன்னிரண்டு பேர் லீக்கில் அந்த இடத்துக்கு ஆள் எப்போதும் மலிவாகக் கிடைக்கும் என்பது தெரிந்திருந்தும், ஊர் முழுவதும் பேசிய ஒரு கதைக்கு மூன்றில் ஒரு பங்குப் பணத்தைக் கொடுத்தவன் நான்.

அதற்கு நேர் எதிரான நிகழ்வும் அதே பருவத்தில்தான் நடந்தது. முப்பத்தெட்டு வயதான ஜோ ஃப்ளாக்கோ நவம்பர் வரை எந்த அணியிலும் இல்லாமல் வீட்டில் இருந்தவர். பிரவுன்ஸ் அணி அவரைச் சேர்த்து டிசம்பர் 3 அன்று களமிறக்கியது; ஆட்டம் தோல்வியில் முடிந்தது, ஆகவே யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நான் பார்த்தது ஒரே ஒரு எண்ணை: அன்று அவர் 44 முறை பந்து வீசியிருந்தார். வயதான, புதிதாக வந்த ஒருவரை நம்பி ஒரு பயிற்சியாளர் 44 முறை வீச விடுகிறார் என்றால் அது அடுத்த வாரமும் தொடரும் என்று கணித்து, பூஜ்ய டாலர் கேட்டு அவரை எடுத்தேன். போட்டிக்கு ஒருவரும் இல்லை. அடுத்த நான்கு ஆட்டங்களிலும் அவர் முந்நூறு யார்டைத் தாண்டினார். அந்த நான்கில் மூன்று எங்கள் பிளேஆஃப் (பருவ இறுதி நாக்அவுட்) வாரங்களில் வந்தவை.

அணியில் ஓர் இடம் காலியாகும்போது எடுக்க வேண்டியவர் யார் என்பது இன்னும் நுட்பமான கேள்வி. 2018 நவம்பர் 30, வெள்ளிக்கிழமை, சீஃப்ஸ் அணி கரீம் ஹண்டை நீக்கியது. செய்தி வந்த பத்து நிமிடத்தில், கூட்டத்தின் நடுவே மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துக்கொண்டு, நான் ஸ்பென்சர் வேரை எடுத்தேன். அணியின் பட்டியலில் ஹண்டுக்கு அடுத்த பெயர் அவருடையதுதான். இரண்டு வாரம் சுமாராக ஆடினார், பிறகு தொடைத் தசையில் காயம். டிசம்பர் 13 அன்று அந்த இடத்தில் டேமியன் வில்லியம்ஸ் ஓடினார், இரண்டு டச்டவுன் அடித்தார், எங்கள் இறுதிப் போட்டி வாரத்தில் நூறு யார்டைத் தாண்டினார். அவர் அப்போது எனக்கு எதிரே ஆடியவரின் அணியில் இருந்தார்.

இதில் பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். 2022 அக்டோபர் 20, வியாழன் இரவு, பாந்தர்ஸ் அணி கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை ஃபார்ட்டி நைனர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. ஏலம் முடிந்துவிட்ட வாரம், ஆகவே முதலில் அழுத்தியவருக்கே ஆள். பழையபடி பட்டியலில் முதலில் இருந்த சூபா ஹப்பர்டை எடுத்தேன். ஞாயிறன்று அவர் நன்றாகத்தான் தொடங்கினார். ஆனால் கணுக்காலில் அடிபட்டு வெளியேற, டி'ஆன்டா ஃபோர்மன் 15 முறை ஓடி 118 யார்டு எடுத்தார், அதற்கடுத்த வாரம் மூன்று டச்டவுன் அடித்தார். ஒரு முறை சுட்ட அதே விரல். இப்போது இடம் காலியானால் முதல் பெயருக்குப் பெரிய தொகை கேட்பதோடு, இரண்டாம் பெயருக்கும் ஒரு டாலரோ இரண்டு டாலரோ கேட்டு வைக்கிறேன். முதல் ஆள் கைநழுவிப் போனால் இரண்டாம் ஆளோடு நின்றுவிடுவதும் உண்டு. ஏனென்றால் அந்த அணிக்கே இன்னும் யார் என்று தெரியாத நிலையில், பட்டியலில் உள்ள வரிசை ஒரு ஊகம்தான்.

வேலையைப் பார்த்தும் ஏமாறுவதற்கு இடம் உண்டு. அதே ஃபோர்மன், ஒன்பதாம் வாரத்தில் பெங்கால்ஸ் ஆரம்பத்திலேயே எட்டாத முன்னிலைக்குப் போய்விட்டதால் ஏழே முறை ஓடி 23 யார்டோடு நின்றார். பின்தங்கிய அணி ஓடாது, வீசும். நான்கே நாள் கழித்து வியாழனன்று 31 முறை ஓடி 130 யார்டு எடுத்தார். இப்படிப்பட்டவரை எடுத்தால் எதிரணியையும் பார்த்துத்தான் ஆட வைக்க வேண்டும்.

வேலையை மட்டும் பார்ப்பது என்று நான் வகுத்த விதி எனக்கு எதிராகவே திரும்பியதும் உண்டு. 2022 நவம்பர் 13 அன்று பேக்கர்ஸின் புதுமுகம் கிறிஸ்டியன் வாட்சன் கௌபாய்ஸுக்கு எதிராக நான்கே பந்து பிடித்து மூன்று டச்டவுன் அடித்தார். நான்கு பிடிப்புக்கு மூன்று டச்டவுன் என்பது நிலைக்காது என்று தீர்மானித்து ஆறு டாலரோடு நிறுத்திக்கொண்டேன். நாற்பதுக்கு மேல் கேட்ட நண்பர் எடுத்துப் போனார். நான்கு ஆட்டங்களில் எட்டு டச்டவுன்! முந்தைய வாரம் ரோமியோ டூப்ஸ் அடிபட்டு வெளியேறியதால் வாட்சனுக்கு நிலையான வேலை வந்திருந்தது என்பதை நான் பார்க்கத் தவறினேன். ஆனால் கதை அங்கேயும் முடியவில்லை. பதினான்காம் வாரம் பேக்கர்ஸுக்கு ஓய்வு வாரம். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முடியும் வரை வாட்சன் ஒரு டச்டவுன் கூட அடிக்கவில்லை. அவரால் பிளேஆஃபுக்கு வந்த நண்பர், பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். யார் சரி என்று இன்றும் மதிய உணவின்போது சண்டை நடக்கிறது.

நாட்காட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021-இல் என்எஃப்எல் பருவம் பதினெட்டு வாரமாக நீண்ட பிறகு எங்கள் பிளேஆஃப் பதினைந்து முதல் பதினேழாம் வாரம் வரை. ஆகவே அக்டோபரில் பணத்தை மிச்சம் பிடிப்பதற்குப் பெரிய பயன் இல்லை. செப்டம்பரில் எடுத்தவர் பதினைந்து வாரம் உழைப்பார், டிசம்பரில் எடுத்தவர் மூன்று வாரம்தான். நான் எட்டாம் வாரத்துக்குள் எழுபது டாலரைச் செலவழித்துவிடப் பார்க்கிறேன். என்எஃப்எல் அணிகள் ஆள் மாற்றிக்கொள்ளும் கடைசி நாளுக்காகப் பத்து, பதினைந்து டாலரை மட்டும் ஒதுக்கி வைப்பேன். அந்த நாள் 2024 முதல் ஒன்பதாம் வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப் போயிருக்கிறது.

நாங்கள் பயன்படுத்தும் செயலியில் குறை சொல்ல ஒன்று உண்டு. அதிகம் பேர் சேர்த்தவர்கள் என்ற பட்டியலை அது முகப்பிலேயே காட்டுகிறது. ஸ்னாப் கணக்கைப் பார்க்க நான்கு பக்கம் உள்ளே போக வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்துச் சேர்ப்பது ஆறின கஞ்சிக்குப் பந்தியில் முந்துவது போன்றது. பட்டியலில் பெயர் வந்த நேரத்தில் விலை ஏறிவிட்டது என்று பொருள்; நமக்கு வேண்டியவர் ஒரு வாரம் முன்பே, யாரும் கவனிக்காதபோது, எழுபது விழுக்காடு ஸ்னாப்புக்குக் களத்தில் நின்றிருப்பார்.

ஏழு ஆண்டுகளில் எனக்கு அதிக இழப்பைத் தந்தது யாரைச் சேர்த்தேன் என்பதைவிட, சேர்ப்பதற்காக யாரை விட்டேன் என்பதுதான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. 2021-இல் லயன்ஸின் புதுமுகம் அமோன்-ரா செயின்ட் பிரவுன் என் அணியில் இருந்தார். அக்டோபரில் ஆறு, ஏழு பந்து பிடித்த ஆட்டங்கள் அவருக்கு இருந்தன, டச்டவுன் மட்டும் வரவில்லை. ஒன்பதாம் வாரம் லயன்ஸுக்கு ஓய்வு. ஒரு வாரத்துக்கு ஆள் குறைந்ததால் அவரை விட்டுவிட்டு, இப்போது பெயர் கூட மறந்துவிட்ட ஒருவரைச் சேர்த்தேன். நவம்பர் இறுதியில் டி'ஆண்ட்ரே ஸ்விஃப்டுக்குத் தோளில் காயம், டிசம்பர் தொடக்கத்தில் டி.ஜே. ஹாக்கன்சனுக்குக் கட்டைவிரலில்; பந்தை வீசித் தர அந்த அணியில் ஆள் குறைந்தது. டிசம்பர் 5 அன்று வைக்கிங்ஸுக்கு எதிராக ஆட்டத்தின் கடைசி நொடியில் செயின்ட் பிரவுன் டச்டவுன் பிடித்தார்; லயன்ஸுக்கு அந்தப் பருவத்தின் முதல் வெற்றி அது. அன்று தொடங்கி ஆறு ஆட்டங்களிலும் எட்டு பந்துக்குக் குறையாமல் பிடித்தார். பிடித்த பந்துக்கு ஒரு புள்ளி தரும் லீக்கில் அதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். விட்ட ஒவ்வொருவரின் பெயரையும் தேதியையும் விட்ட காரணத்தையும் ஒரு நோட்டில் எழுதி, மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன். காரணத்தில் "காயம்", "வேலை போய்விட்டது" என்று இருக்கும் பெயர்களை நினைத்து வருந்த நேர்ந்ததில்லை. வருத்தம் தந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எதிரே இருப்பது "ஓய்வு வாரம்" என்ற சொல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு வாரம் முன்னதாகவே ஓய்வு வாரத்துக்கு ஆள் பார்த்துவிடுகிறேன். மற்றவர்கள் அதே காரணத்துக்காக விடுகிறவர்களையும் அந்த வாரம் கூர்ந்து பார்க்கிறேன். அப்படிக் கிடைத்தவர்களுக்கு ஒரு டாலருக்கு மேல் கொடுத்ததில்லை.

2024-ஆம் ஆண்டுப் பக்கத்தில் முதல் வரி இது: "ஜோனு ஸ்மித், டைட் எண்ட், டால்ஃபின்ஸ், ஆறாம் வாரம், ஓய்வு வாரம்." திரும்பிவந்த முதல் ஆட்டத்திலேயே கோல்ட்ஸுக்கு எதிராக 96 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார், பருவம் முடிவதற்குள் 88 பந்து பிடித்து, எட்டு டச்டவுன் அடித்து, அந்த அணியின் டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதோடு பந்தும் பிடிப்பவர்) சாதனைகளைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அவரை விட்டு நான் சேர்த்தது ஒரு கிக்கரை.