டைம்டேபிளா, நாலு கட்டமா, தக்காளி டைமரா, மூணு வரி லிஸ்ட்டா? ப்ளஸ் டூ பசங்களுக்கு எது செட் ஆகுது

ஜூன் மாசம் ப்ளஸ் டூ கிளாஸுக்குள்ள போனா முதல் வாரமே அந்த கூத்து ஆரம்பிச்சிடும். சார்ட் பேப்பர், கலர் ஸ்கெட்ச், ஸ்கேல் எல்லாம் வாங்கி டைம்டேபிள் போடுவாங்க, காலைல 4.30 எழுந்திருத்தல், 5 டு 6 மேத்ஸ், 6 டு 7 பிசிக்ஸ்னு அழகா கட்டம் கட்டி செவுத்துல ஒட்டுவாங்க, ஆடி பொறக்கறதுக்குள்ள டேப் கழண்டு ஃபேன் காத்துல ஆடிட்டு இருக்கும். நான் மேத்ஸ் எடுக்குற மிஸ், பல வருஷமா இத பாக்குறேன். நேரத்த எப்படி பிரிக்கறதுன்னு பசங்களுக்கு சொல்லித்தரணும்னு நாலு முறையையும் கிளாஸ்ல ஓட்டிப் பாத்துட்டேன், எது எங்க உடையுதுன்னு சொல்றேன்.

ஒப்பிடறதுக்கு ஒரு பொண்ணோட ஒரே ஒரு சாயந்திரத்த எடுத்துக்கலாம். வியாழக்கிழமை. மறுநாள் கெமிஸ்ட்ரி ரிவிஷன் டெஸ்ட். பிசிக்ஸ் ரெக்கார்ட் நோட்ல சைன் வாங்க நாளைக்குத்தான் கடைசி. மேத்ஸ்ல இன்டகிரேஷன் சுத்தமா புரியல, ஆனா அதுக்கு யாரும் டேட் குடுக்கல. ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு பஸ் புடிச்சு வீட்டுக்கு வர 6.30, அம்மா வேலை முடிஞ்சு வர எட்டு மணி, அதுவரைக்கும் தண்ணி புடிக்கறது, தம்பிய பாத்துக்கறது, உலை வைக்கறது எல்லாம் இந்தப் பொண்ணோட தலையில. (பையனா இருந்தா கடைக்குப் போயிட்டு வாடான்னு சொல்றதோட முடிஞ்சிருக்கும், அது வேற கதை.)

இப்ப டைம்டேபிள பாருங்க. அதுல வியாழன் 7 டு 8 இங்கிலீஷ்னு இருக்கு. டெஸ்ட் இருக்கறதோ ரெக்கார்ட் பாக்கி இருக்கறதோ தண்ணி வரப்போறதோ அதுக்குத் தெரியாது. ஒரு கட்டம் தவறிச்சுன்னா "சரி நாளைல இருந்து கரெக்டா ஃபாலோ பண்ணலாம்"னு அன்னைக்கு மொத்தமும் போயிடும். ஆனா அப்பா அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சது இதுதான், செவுத்துல கண்ணுக்குத் தெரியுதுல்ல.

அடுத்தது நாலு கட்டம், அவசரமா இல்லையான்னு ஒரு பக்கம், முக்கியமா இல்லையான்னு ஒரு பக்கம் பிரிச்சு வேலைய எல்லாம் அதுல எழுதறது. அமெரிக்க அதிபரா இருந்த ஐசனோவர் 1954ல ஒரு பேச்சுல, தனக்கு ரெண்டு வகைப் பிரச்சனை இருக்கு, அவசரமானது முக்கியமா இருக்காது, முக்கியமானது அவசரமா இருக்காதுன்னு, யாரோ ஒரு காலேஜ் தலைவர் சொன்னதா சொல்லிவெச்சார், அப்புறம் 1989ல ஸ்டீபன் கவி எழுதின புத்தகம் வந்ததும் அது கட்டமா ஊரெல்லாம் பரவிடுச்சு. எனக்கு ரொம்பப் புடிச்ச முறை, கிளாஸ்ல போட்டப்ப நான் அசிங்கப்பட்டதும் இதுலதான். எல்லாத்தையும் அவசரம், முக்கியம் ரெண்டும்ங்கற முதல் கட்டத்துலயே எழுதிட்டாங்க. அவசரம், ஆனா முக்கியமில்ல, அடுத்தவங்க கிட்ட குடுக்கலாம்னு ஒரு கட்டம் வருதே, ஐசனோவருக்கு ஆள் இருந்தாங்க, இவங்களுக்கு தம்பிதான் இருக்கான். ஒரு பையன் நெஜமாவே ரெக்கார்ட் டயகிராம அக்கா கையில குடுத்து வரைஞ்சு வாங்கிட்டு வந்து "டெலிகேட் பண்ணேன் மிஸ்"னான். ரெண்டுமே இல்லங்கற கடைசி கட்டத்துல கிரிக்கெட்டு ரீல்ஸுன்னு எழுதறது எல்லாம் எனக்காகத்தான்.

ஆனா முக்கியம், அவசரமில்லன்னு இன்டகிரேஷன கண்டுபுடிச்சுக் குடுத்தது இந்தக் கட்டம் மட்டும்தான். பசங்க அவசரத்த எப்படி முடிவு பண்றாங்கன்னா, எந்த மிஸ் அதிகமா கத்துவாங்களோ அவங்க வேலை அவசரம், அவ்ளோதான். அதனால நான் போர்டுல கட்-ஆஃப எழுதிக் காட்டுவேன். இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல மொத்தம் 200, அதுல மேத்ஸ் மார்க் அப்படியே 100க்கு, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதி பாதியா 50, 50. அப்ப மேத்ஸ்ல போற ஒரு மார்க்கும் கெமிஸ்ட்ரில போற ரெண்டு மார்க்கும் ஒண்ணு. நர்சிங்குக்கோ பி.காமுக்கோ போகப்போற பொண்ணுக்கு இந்தக் கணக்கே வேற, அவ கட்டமும் வேற மாதிரிதான் இருக்கணும். எது முக்கியம்ங்கறத நான் எழுதிக்குடுக்க முடியாது, அவ எங்க போகப்போறாங்கறத வெச்சு அவளே எழுதணும், இத புரிய வைக்கத்தான் ரெண்டு மூணு பீரியட் போகுது, போகட்டும்.

தக்காளி டைமர் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. ஃபிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர் 1980கள்ல காலேஜ் படிக்கறப்ப தக்காளி மாதிரி இருந்த கிச்சன் டைமர வெச்சு ஆரம்பிச்சது, 25 நிமிஷம் படி 5 நிமிஷம் ரெஸ்ட், நாலு ரவுண்டு போனா பெரிய ரெஸ்ட். புக்க தொறக்கவே மனசு வராதவனுக்கு நல்ல மருந்து. ஆனா எத முதல்ல படிக்கணும்னு இது சொல்லாது, 25 நிமிஷமும் ரெக்கார்ட்ல பார்டர் போட்டுட்டு இருந்தாலும் டிங்னு மணி அடிக்கும். டைமர் ஃபோன்ல இருந்தா அந்த 5 நிமிஷ ரெஸ்ட் என்னாகும்னு உங்களுக்கே தெரியும். இன்னொண்ணு, பப்ளிக்ல மேத்ஸ் பேப்பர் 3 மணி நேரம், 90 மார்க், அதாவது ஒரு மார்க்குக்கு ரெண்டு நிமிஷம், நடுவுல ரெஸ்ட்டே கிடையாது. டிசம்பருக்கு மேலயும் 25 நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுந்திரிக்கற பழக்கம் இருந்தா கஷ்டம்.

கடைசியா மூணு வரி லிஸ்ட். சாயந்திரம் பஸ்ல வரும்போதே ரஃப் நோட்ல மூணே மூணு வேலை, எது முதல்லன்னு வரிசையா, பக்கத்துல எத்தன நிமிஷம் ஆகும்னு. முடிச்சதும் நெஜமா எத்தன ஆச்சுன்னு. அந்த ரெண்டாவது நம்பர்தான் விஷயமே. ரெக்கார்ட் அரை மணி நேரம்னு எழுதினவளுக்கு ஒரு மணி இருபது நிமிஷம் ஆகியிருக்கும், ஒருத்தி இல்ல, கிளாஸே அப்படித்தான். மனுஷங்க எல்லாருமே இப்படித்தான் தப்பா கணக்கு போடுவாங்கன்னு கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க 1979லயே எழுதிட்டாங்க, அதனால பசங்கள திட்ட வேணாம். ரெண்டு வாரத்துல அவங்களே திருத்திக்கறாங்க. அந்த வியாழக்கிழமைக்கு அந்தப் பொண்ணு எழுதினது: தண்ணி, சமையல் 70. கெமிஸ்ட்ரி புக் பேக் 60. ரெக்கார்ட் 80. இன்டகிரேஷன் இடமே இல்ல, சனிக்கிழமை காலைக்குத் தள்ளிட்டா. தண்ணி புடிக்கறத லிஸ்ட்ல எழுதலாமா மிஸ்னு முதல்ல கேட்டா. வேற எதுல எழுதுவே, அதுவும் உன் நேரம்தானேன்னு சொன்னேன்.

என் ஓட்டு லிஸ்ட்டுக்குத்தான், மாசத்துக்கு ஒரு தடவ கட்டத்தோட. ஆனா ஒண்ணு, நாங்க அஞ்சு டீச்சர் ஆளாளுக்கு வெள்ளிக்கிழமையே டெஸ்ட் வெச்சா எந்த முறையும் நிக்காது. இப்ப கிளாஸ் போர்டு ஓரத்துல டெஸ்ட் தேதிய எழுதி வெக்கறோம், ஒரு நாளைக்கு ஒண்ணுதான், முதல்ல எழுதினவங்களுக்கு அந்த நாள். இதுக்கு ஸ்டாஃப் ரூம்ல நடந்த சண்டைய தனியா எழுதணும்.

பப்ளிக்குக்கு முன்னாடி விடற ஸ்டடி லீவுக்கு மட்டும் பழைய சார்ட் பேப்பர எடுத்து ஒட்டச் சொல்லுவேன். அப்ப ஸ்கூல் கிடையாது, பஸ் கிடையாது, முழு நாளும் கையில இருக்கு, கட்டத்துல எழுதினது நடக்கும். காலைல 4.30ன்னு மட்டும் எழுத வேணாம்.